காயலாங்கடை இரும்பில் சிற்பம்: ராடு வைக்கும் முன்

செயின், ஸ்ப்ராக்கெட், சைலன்சர் எல்லாம் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் வாங்கி வந்து, வெல்டிங் ராடால் பற்றவைத்துக் கழுகும் யானையும் செய்யும் மாணவர்கள் இப்போது நிறைய. சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்து 1942இல் பிக்காசோ செய்த காளைத்தலை எல்லா வகுப்பிலும் காட்டப்படுகிறது. எடுத்த பொருளின் மேல் என்ன பூச்சு, உள்ளே என்ன அடைந்திருக்கிறது என்று பார்க்கத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

துத்தநாகம் பூசிய இரும்பான ஜி.ஐ. பைப்பும் தகடும்தான் அதிகம் மாட்டிவிடுபவை. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். இரும்பு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி வேண்டும். இரும்பு இளகுவதற்குள் பூச்சு வெள்ளைப் புகையாகக் கிளம்பிவிடும். வேலை நடக்கும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், நடுக்கத்தோடு காய்ச்சல், உடம்புவலி, தாகம், வாயில் உலோகச் சுவை. ஓரிரு நாளில் தணிந்துவிடுவதால் வைரஸ் காய்ச்சல் என்று விட்டுவிடுகிறார்கள். பால் குடி, வெல்லம் தின்னு என்பது பட்டறை வைத்தியம். புகை போவது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு. இணைப்பின் இருபுறமும் 5 செ.மீ. அளவுக்குப் பூச்சைக் கிரைண்டரில் எடுங்கள். வெறும் இரும்பு தெரிந்த பிறகு ராடு வையுங்கள். கிரைண்டர் தூசிக்கும் வெல்டிங் புகைக்கும் துணி மாஸ்க் ஆகாது. நுண்துகளைத் தடுக்கும் பி100 வகை வடிகட்டி போட்ட ரப்பர் ரெஸ்பிரேட்டர் வேண்டும். காற்றும் பக்கவாட்டில் ஓட வேண்டும்.

மஞ்சள் மினுமினுப்புள்ள பழைய போல்ட், நட்டில் காட்மியம் இருக்கலாம். துத்தநாகப் பூச்சுக்கும் அதே மினுமினுப்பு வருவதால் கண்ணால் பிரிக்க முடியாது. காட்மியம் புகை ஆளையே கொல்லும். அவற்றை வெல்டிங்குக்கே கொண்டுபோகாமல் முறுக்கிப் பொருத்துங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்குக் குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடிப்பதும் கூடாது. மிச்சமிருக்கும் கிளீனர் ஈரம், ராடு நுனியில் எரியும் மின்பொறியான ஆர்க்கின் வெப்பத்திலும் ஒளியிலும் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாகும். சோப்புத் தண்ணீரில் தேய்த்து நன்றாகக் காயவைத்தால் போதும்.

அடைபட்ட பொருள்கள் இன்னும் மோசம். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் இருக்கும், சிலவற்றில் அழுத்தமேற்றிய வாயுவும். சூடேறினால் வெடிக்கும். கார் டிக்கியைத் தூக்கும் கேஸ் ஸ்ட்ரட்டை ஓட்டை போட்டுத் திறக்கவும் முயலாதீர்கள். கடையிலேயே விட்டுவிடுவது நல்லது. பெட்ரோல் டேங்கை எத்தனை முறை அலசினாலும் மடிப்புகளில் ஆவி தங்கியிருக்கும். இரண்டு கிண்ணங்களைக் கவிழ்த்துச் சேர்த்து உருண்டை செய்யும்போது கண்ணுக்குப் படாத இடத்தில் 3 மி.மீ. துளை விடுங்கள். விடாவிட்டால் உள்ளே விரியும் காற்று கடைசி இடைவெளியை மூட விடாது, உருகிய இரும்பை முகத்தை நோக்கித் துப்பும்.

பறவைக்குக் கண்ணாகப் பேரிங் குண்டு வைப்பது எல்லோருக்கும் பிடித்த வேலை. அது உதிர்வதும் வழக்கம். அந்த எஃகில் கார்பன் சுமார் 1 சதவீதம். டாக் (சின்னப் பொட்டு வெல்டிங்) வைத்ததும் சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் சூட்டை இழுத்துக்கொள்ள, இணைப்பின் ஓரம் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பார்க்க அழகாக ஒட்டியிருக்கும். சுத்தியலால் லேசாகத் தட்டினால் குண்டு தனியே வந்துவிடும். லாரிப் பட்டை ஸ்பிரிங்குக்கும் இதே கதை, அங்கே கார்பன் சற்றுக் குறைவு. முன்கூட்டியே 200 முதல் 300 டிகிரி வரை சூடேற்றி, உலர்த்திய 7018 வகை ராடால் பற்றவைத்து, சாம்பலிலோ காய்ந்த மணலிலோ புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். குண்டுக்கு இவ்வளவு பாடுபடுவதைவிட, அது பிதுங்கி நிற்கும் அளவில் வளையம் செய்து உள்ளே சிறைவைப்பது எளிது.

எவர்சில்வர் பாத்திரங்களைச் சாதா இரும்புச் சட்டத்தோடு இணைக்க 309எல் என்ற எவர்சில்வர் வகை ராடு. பாத்திரம் மெல்லியதாக இருந்தால் ஆர்க் ஓட்டை போட்டுவிடும். டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையில் வாயுக் காப்போடு செய்வது) அல்லது போல்ட்தான் வழி. கடற்கரையில் நிற்கப்போகும் சிற்பமென்றால் போல்ட்டும் எவர்சில்வராகவே இருக்கட்டும். பெரிய எவர்சில்வர் பரப்பில் மாட்டிய சின்ன இரும்பு போல்ட்டை உப்புக்காற்று வேகமாக அரிக்கும், பாத்திரத்துக்கு ஒன்றும் ஆகாது. மழைநீர் தேங்கும் ஒவ்வொரு குழிவின் அடியிலும் 8 மி.மீ. வடிகால் துளை போடுங்கள், பெயின்ட் அடிப்பதற்கு முன்பே.