பாதி சரியாக இருந்தால் போதாது, மடித்தால் பொருந்த வேண்டும்

செங்கோட்டையில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். சமச்சீர்க் கோடு, அதாவது மடித்தால் ரெண்டு பாதியும் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே பொருந்தும் கோடு, அந்தப் பாடம் வந்தால் வருஷா வருஷம் ஒரே தப்புதான். செவ்வகத்துக்கு எத்தனை கோடு என்று கேட்டால் பாதி வகுப்பு 4 என்று சொல்லும்: நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று, மூலைவிட்டம் இரண்டு. வீட்டில் அப்பாவோ அக்காவோ "ரெண்டு பாதியும் ஒரே அளவா இருந்தா சமச்சீர்" என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள், அதுதான் வினை.

மூலைவிட்டம் செவ்வகத்தை இரண்டு சம முக்கோணமாக வெட்டுவது உண்மைதான். ஆனால் நோட்டுத்தாள் ஒன்றைக் கிழித்து அந்தக் கோட்டிலேயே மடித்துப் பாருங்கள், மூலைகள் ஆளுக்கொரு பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். ஆக செவ்வகத்துக்கு 2, சதுரத்துக்குத்தான் 4. இணைகரத்தை எப்படி மடித்தாலும் பொருந்தாது, அதற்கு 0. அரைச் சுற்று திருப்பினால் அச்சாகப் பொருந்தும், ஆனால் அது சுழல் சமச்சீர், வேறு கதை. ஒரு கையேட்டில் இணைகரத்துக்கு 2 என்றே அச்சடித்திருந்தார்கள். அதை மனப்பாடம் செய்திருந்த பையனிடம் தாளைக் கொடுத்தேன், ரொம்ப நேரம் போராடிவிட்டு "தாளுதான் கோணலா இருக்கு சார்" என்றான்.

எழுத்துகளிலும் இதே குழப்பம். ஆங்கிலப் பெரிய எழுத்தில் எஸ், என், இசட் மூன்றும் பார்க்க ஒழுங்காக இருப்பதால் கோடு போட்டுவிடுவார்கள், மூன்றுக்கும் ஒரு கோடுகூடக் கிடையாது. ஏ, எம், டி (T) போன்றவற்றுக்கு நெட்டுக்கோடு, பி (B), சி, இ போன்றவற்றுக்குப் படுக்கைக்கோடு, எச், ஐ, ஓ, எக்ஸ் நான்குக்கும் இரண்டும் உண்டு. தமிழில் தேடினால் ப சிக்கும், ஃ சிக்கும், அதற்கு மேல் கஷ்டம்தான். ஆரியங்காவுப் பக்கமிருந்து வரும் ஒரு பெண் பலகையில் மலையாள ட வரிசையின் இரண்டாம் எழுத்தை எழுதிக் காட்டினாள். முழு வட்டம், எண்ணி முடியாத கோடுகள்! (1956 வரை நாங்களே திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள்தானே, மலையாளம் ஒன்றும் எங்களுக்குத் தூரமில்லை.)

அதே பெண்தான் இன்னொன்றும் கேட்டாள். மலையாளம் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் பின்னாலிருந்து வாசித்தாலும் அதேதான், அப்போ அது சமச்சீரா? நல்ல கேள்வி. நடுவிலிருக்கும் ஒய் மேல் கண்ணாடியை நிமிர்த்தி வைத்துப் பார்க்கச் சொன்னேன். எல் எழுத்தின் கால் கண்ணாடிக்குள் எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது, வேலை கெட்டது. வீட்டுக் கண்ணாடியில் ரசம் பின்பக்கம் இருப்பதால் கோட்டுக்கும் பிம்பத்துக்கும் நடுவே சின்ன இடைவெளி தெரியும், அதைப் பார்த்துப் பிள்ளைகள் குழம்ப வேண்டாம். கேரளத்தில் உலோகத்தில் செய்யும் ஆறன்முளைக் கண்ணாடியில் அது வராது, உலோகத்தின் மேற்பரப்பே பிரதிபலிக்கும். அதன் விலைக்கு யாரும் வகுப்புக்குக் கொண்டுவரப்போவதில்லை, அது வேறு விஷயம்.

அப்புறம் பரோட்டா. எங்கள் ஊரில் பார்டர் பரோட்டாவை விட்டுவிட்டு வட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. எத்தனை கோடு என்றேன், "முடிவே இல்ல சார்" என்று எல்லாரும் ஒரே குரலில். கடைசி பெஞ்சுக்காரன் மட்டும், ஓரத்துக்குச் சரி, உள்ளே இருக்கும் சுருளுக்கு ஒன்றுகூட இல்லை என்றான். யோசித்தேன், அவன் சொன்னது சரிதான், சுருளை எந்தப் பக்கம் மடித்தாலும் கோடு கோட்டின் மேல் உட்காராது. கைதட்டச் சொன்னேன். தட்டி முடிக்கும் முன்பே பக்கத்திலிருந்தவன் எழுந்து, "அப்போ கொத்துப் பரோட்டாவுக்கு சார்?"