கோல்ட் எயார் இன்டேக்: கச்சான் ஊரில் ஏது குளிர்காற்று?

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் கட்டாயம் அடிபடும் பெயர் இது. எஞ்சினுக்கு வேண்டிய காற்றைப் பொனற்றுக்குள் சூடேறிக் கிடக்கும் காற்றிலிருந்து எடுக்காமல், வெளியிலிருந்து எடுத்து, வடிகட்டி, த்ரொட்டில் (எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் தட்டு) வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் அமைப்பு. ஒரு பில்டர், ஒரு குழாய், சூட்டை மறிக்க ஒரு பெட்டி அல்லது தகடு, இறுக்கச் சில கிளிப்புகள். பொருள் அவ்வளவுதான். ஆட்களைச் சுற்றவிடுவது பெயர்தான்.

‘இன்டேக்’ என்பது ‘உள்ளே’ என்ற சொல்லும் ‘எடு’ என்ற சொல்லும் ஒட்டிப் பிறந்த ஆங்கிலச் சொல். கார் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே அது புழக்கத்தில் இருந்தது. வட இங்கிலாந்தில் தரிசு மேட்டு நிலத்தை வேலியடைத்துப் பண்ணையோடு சேர்த்துக்கொண்டால், அந்தத் துண்டுக்குப் பெயர் இன்டேக். ஆற்றுநீரைக் கால்வாய்க்கோ குழாய்க்கோ திருப்பும் இடத்துக்கும் அதே பெயர். பின்னால் எஞ்சின் வந்தபோது, காற்று நுழையும் வழிக்கு அந்தச் சொல்லே போய் ஒட்டிக்கொண்டது.

சிக்கல் ‘கோல்ட்’டில் இருக்கிறது. திருகோணமலையில் கச்சான் வீசும் மாதங்களில் குளிர்காற்றுக்கு எங்கே போவது? வெளியூர் வாசகருக்கு ஒரு வார்த்தை: கோயில் வாசலில் வறுத்து விற்கும் கச்சான் (நிலக்கடலை) வேறு, இது காற்று. தென்மேல் பருவக் காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமெல்லாம் தொலைத்து, கிழக்குச் சரிவில் இறங்கும்போது சூடேறி நம் பக்கம் வந்து சேரும். அந்த நாட்களில் பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டுவது புதினமில்லை. அந்தக் காற்றும் இந்தக் குழாய்க்குக் ‘கோல்ட்’தான். ஏனென்றால் இங்கே குளிர் என்பது வானிலையைக் குறிப்பதில்லை. எஞ்சின் சூடாக்காத காற்று என்பதே பொருள்.

அது ஏன் முக்கியம்? சூடேறிய காற்று விரியும். அதே கொள்ளளவுக்குள் ஒட்சிசன் குறையும். கடல்மட்டத்தில் 30 பாகை செல்சியசில் ஒரு கனமீற்றர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.16 கிலோகிராம். 60 பாகையில் அது 1.06 ஆகிவிடும், அதாவது ஏறத்தாழ 9 வீதம் குறைவு. அநுராதபுரச் சந்தியில் நெரிசலில் நிற்கும் காரின் பொனற்றுக்குள் 60 பாகை வருவது பெரிய விஷயமில்லை. டொயோட்டா 86இல் இருப்பதுபோன்ற 2 லீற்றர் எஞ்சின் நிமிடத்துக்கு 7000 சுற்றில் ஓடினால், கணக்குப்படி நிமிடத்தில் 7000 லீற்றர் காற்றை விழுங்கும். அவ்வளவையும் வெந்த காற்றாகக் கொடுத்தால் இழுவை குறையும். ஆனால் இதெல்லாம் அக்சிலரேட்டரை முழுவதும் மிதிக்கும்போது வரும் கதை. பாதி மிதியில் த்ரொட்டில் தட்டே காற்றை மறித்துக்கொண்டு நிற்பதால், குழாய் மாற்றியதன் பலன் சத்தத்தில்தான் தெரியும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘குளிர்காற்று உள்ளெடுப்பு’ என்று சொல்லுக்குச் சொல் வைத்தால் ஏசி பூட்டுகிற வேலை என்று நினைப்பார்கள். ‘தண்காற்று’ என்றால் கவிதை வாடை அடிக்கும். என் தெரிவு ‘வெளிக்காற்று உள்ளிழுப்பி’. வேலையைச் சொல்கிறது, வெப்பநிலையைப் பற்றிப் பொய் சொல்லவில்லை. ‘இழு’ என்ற வினை கராஜில் ஏற்கெனவே இருக்கிறது. கார் இழுக்குதில்லை என்று நாம் போய் நின்றால், காற்று இழுக்குதா என்று பாஸ் முதலில் பில்டரைத்தான் திறந்து பார்ப்பார். (மெக்கானிக்கைக் கூப்பிடும் இந்த ‘பாஸ்’ ஒல்லாந்தர் விட்டுப்போன சொல்.) பழந்தமிழில் இன்னும் அழகான ஒன்று உண்டு: காலதர். ‘கால்’ என்றால் காற்று, ‘அதர்’ என்றால் வழி, இரண்டும் சேர்ந்தால் சாளரம். உள்ளிழுப்பியின் குழாய்க்கு மட்டும் அதை வைத்தால் கச்சிதமாகப் பொருந்தும். கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் போய்க் காலதர் கேட்டால் கிடைக்காது என்பது வேறு விஷயம்.

பெயரைத் திருத்துவதில் காசு மிச்சமாகும் பயனும் உண்டு. கோல்ட் எயார் என்று விற்கப்படுபவற்றில் பல, பொனற்றுக்குள்ளேயே குட்டைக் குழாயில் மொட்டையாக நிற்கும் கூம்புப் பில்டர். அதன் சரியான பெயர் ‘ஷோர்ட் ராம்’. அது உள்ளே வெந்த காற்றையே குடிக்கும். வாங்குமுன் ஒரே கேள்வி கேளுங்கள்: இது வெளிக்காற்றை எங்கிருந்து எடுக்கிறது? கம்பனி பூட்டிய பெட்டியைப் பாருங்கள், பல கார்களில் அதன் மூக்கு முன் கிரில்லுக்குப் பின்னாலேயே இருக்கும். அதுவும் வெளிக்காற்று உள்ளிழுப்பிதான். அப்படியான காருக்குப் புதுப் பில்டர் ஒன்றும், வெடித்த ரப்பர்க் குழாய்க்கு மாற்றும் போட்டுவிட்டு மிச்சக் காசை ரயருக்கு வைப்பது புத்தி.

மாற்றத்தான் வேண்டுமென்றால், குழாயின் உள்விட்டத்தைக் கவனியுங்கள். காற்றோட்ட உணரி, அதாவது எம்.ஏ.எப். சென்சர், தன் கூட்டின் அளவை வைத்தே காற்றைக் கணக்கிடுகிறது. கூடு பெருத்தால் கணக்குப் பிழைக்கும், பெற்றோல் குறைவாகப் பாயும், செக் எஞ்சின் விளக்கு எரியும். உங்கள் மொடலுக்கென்றே செய்ததை வாங்குவது அதனால்தான். எண்ணெய் பூசிய பருத்திப் பில்டரைக் கழுவிப் பாவிக்கலாம். எண்ணெய் கூடினால் அந்த உணரியின் மெல்லிய கம்பியில் போய்ப் படியும். நம்மூர் மணலுக்கும் உப்புக்காற்றுக்கும் சாதாரணக் கடதாசிப் பில்டரை நேரத்துக்கு மாற்றுவதே தலையிடி இல்லாத வழி.

பில்டர் மட்கார்டுக்குள் தாழ்வாக இறங்கும் வகை மிக நல்ல காற்றை எடுக்கும், கார்த்திகை மார்கழி மழை வரும்வரை. வெள்ளம் நிற்கும் வீதியில் பில்டர் நீருக்குள் போனால் எஞ்சின் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீரைக் காற்றைப்போல அமுக்கிச் சுருக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது வளைவது இணைப்புத் தண்டு. இங்கே ஓட்டுபவருக்கு உயரத்தில் வாய் வைத்த, மூடிய பெட்டியுள்ள வகைதான் நான் சொல்வேன்.

பூட்டுவது பெரிய வித்தையில்லை. எஞ்சின் ஆறட்டும். பற்றரியின் மறை முனையைக் கழற்றுங்கள். பழைய பெட்டியை உடைக்காமல் எடுத்து வையுங்கள், விற்கும்போது கேட்பார்கள். உணரியைப் புதுக் குழாய்க்கு மாற்றும்போது அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்கவேண்டும். பிரீதர் குழாயை (எஞ்சின் மூச்சுவிடும் சிறு குழாய்) மறக்காமல் கொளுவுங்கள். எல்லாம் இறுக்கி, பொனற்றை மெதுவாக மூடி எங்காவது முட்டுகிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் செய்தபின் ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வந்தால், உணரிக்கும் த்ரொட்டிலுக்கும் இடையில் கணக்கில் வராத காற்று நுழைகிறது என்று அர்த்தம். நிலாவெளிக்கு ஒருமுறை போய்வந்து, எஞ்சின் ஆறியதும் கிளிப்புகளைத் திரும்ப இறுக்குங்கள். வருடாந்தப் புகைப் பரிசோதனைக்குப் போகுமுன் செக் விளக்கு அணைந்திருக்கட்டும்.

இதனோடு சேர்த்து விற்கும் இன்னொரு சொல் ‘ராம் எயார்’. ஆங்கிலத்தில் ராம் என்றால் ஆட்டுக்கடா. கடா முட்டித் தள்ளுவதுபோல, ஓடும் வேகமே காற்றை உள்ளே தள்ளும் என்பது பெயரின் பொருள். ‘உந்துகாற்று’ எனலாம். மணிக்கு 100 கிலோமீற்றரில் அந்தக் கடா தரும் மேலதிக அழுத்தம் வளியமுக்கத்தில் அரை வீதம்கூட வராது.