தினமும் துடைக்கும் துணியே காரின் பெயின்ட்டைக் கெடுக்கிறது

பாலிஷ் போட்டுத் தரும்படி எங்கள் பட்டறைக்கு வரும் கார்களில் பெரும்பாலானவை பழைய கார்கள் அல்ல. வாங்கி இரண்டு, மூன்று ஆண்டுகளே ஆனவை, எங்கும் இடிபடாதவை, உரிமையாளர் ஆசை ஆசையாய் வைத்திருப்பவை. நிழலில் பார்த்தால் குறை ஏதும் தெரியாது. வெயிலில் கொண்டுபோய் நிறுத்தி பானெட்டைச் சாய்வாகப் பார்த்தால், சூரியன் பிரதிபலிக்கும் இடத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான மெல்லிய கீறல்கள் வட்ட வட்டமாகத் தெரியும். கறுப்பு, கருநீலம், அடர்சிவப்பு வண்டிகளில் அது கண்ணை உறுத்தும். வெயிலால் வந்தது, ஊர்த் தூசியால் வந்தது, இப்போது கம்பெனியிலேயே பெயின்ட் மட்டமாக அடிக்கிறார்கள் என்று உரிமையாளர்கள் பல காரணங்களைச் சொல்வார்கள். என் தொழில் அனுபவத்தில், அந்தக் கீறல்களில் பெரும்பகுதி சாலையில் விழுந்தவை அல்ல. வீட்டு வாசலிலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கிலும், காலை வேளையில், ஒரு பக்கெட்டாலும் ஒரு துணியாலும் விழுந்தவை.

சென்னையில் ஏதேனும் ஒரு குடியிருப்பின் தரைத்தளத்தில் காலை ஆறு மணிக்கு நின்று பார்த்தால் இது விளங்கும். மாதச் சம்பளத்துக்கு வண்டி துடைப்பவர் ஒரு பக்கெட் தண்ணீரையும் ஒரு பழைய பனியன் துணியையும் வைத்துக்கொண்டு வரிசையாக எல்லா வண்டிகளையும் துடைத்துக்கொண்டு போவார். முதல் வண்டியின் கதவுக்குக் கீழே ஒட்டியிருந்த மண், துணியோடு பக்கெட்டுக்குள் போய் அடியில் தங்கும். துணியை மறுபடி முக்கும்போது அதே மண் துணியில் ஏறும். பிழிந்தால் தண்ணீர்தான் போகுமே தவிர மணல் போகாது. அடுத்த வண்டியின் பானெட்டில் அந்தத் துணி வட்டமாகச் சுற்றும்போது, அது துணியாக அல்ல, உப்புத்தாளாகவே வேலை செய்கிறது. துடைப்பவரைக் குறை சொல்ல இதில் எதுவுமில்லை. தினமும் துடைக்க வேண்டும் என்று கேட்டதும் நாம்தான், அந்தத் துணியைக் கொடுத்ததும் நாம்தான். டேஷ்போர்டில் வைத்திருக்கும் டஸ்டரை எடுத்து, காய்ந்த தூசியின் மேல் தாமே இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்புபவர்களும் செய்வது இதே வேலைதான்.

ஏன் இவ்வளவு எளிதில் கீறல் விழுகிறது என்பதற்குப் பெயின்ட்டின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய கார்களில் தகரத்தின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேல் நிறமற்ற கிளியர் கோட் என்று பல அடுக்குகள் இருக்கின்றன. இத்தனையும் சேர்ந்தாலும் மொத்தத் தடிமன் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு; ஒரு தலைமுடியின் தடிமனே ஏறத்தாழ 70 மைக்ரான். பளபளப்பைத் தருவதும், புற ஊதாக் கதிரைத் தாங்கி அடியிலுள்ள நிறத்தைக் காப்பதும் கிளியர் கோட்தான். அது பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் வரைதான் இருக்கும். அதாவது, ஒரு தலைமுடியை விட மெல்லிய படலம்தான் உங்கள் வண்டியின் ‘ஷைனிங்’ முழுவதும். சாலைத் தூசியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணல் கண்ணாடியையே கீறக்கூடிய கடினம் கொண்டது. அதை அந்தப் படலத்தின் மேல் தினமும் தேய்த்தால் என்ன மிஞ்சும்?

ஆகவே நான் யாரிடமும் முதலில் சொல்வது, தினமும் துடைப்பதை நிறுத்துங்கள் என்பதுதான். வண்டி மேல் காய்ந்து படிந்த சாதாரணத் தூசி நாலைந்து நாள் அப்படியே கிடந்தால் பெயின்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. அதைத் தேய்ப்பதால்தான் ஆகிறது. துடைப்பவரிடம் முன்கண்ணாடி, பின்கண்ணாடி, பக்கக் கண்ணாடிகள், விளக்குகள் ஆகியவற்றை மட்டும் துடைக்கச் சொல்லுங்கள். சம்பளத்தைக் குறைக்காமல் அதே தொகையைக் கொடுங்கள். பாடியைத் தொட வேண்டாம் என்று சொன்னால் பலருக்கும் முதலில் வியப்பாக இருக்கும், சிலருக்கு வேலை போய்விடுமோ என்ற பயமும் வரும். அந்தப் பயத்தை நாம்தான் போக்க வேண்டும்.

பிறகு வாரத்துக்கு ஒரு முறையோ பத்து நாளுக்கு ஒரு முறையோ முறையாகக் கழுவினால் போதும். வண்டி நிழலில் நிற்க வேண்டும். பானெட்டைத் தொட்டால் சூடு தெரியக் கூடாது. சூடான தகட்டின் மேல் ஷாம்பூ நுரை நொடியில் காய்ந்து திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். சக்கரங்களை முதலில், அவற்றுக்கென்றே வைத்திருக்கும் பிரஷ்ஷாலும் தனித் துணியாலும் முடித்துவிடுங்கள். பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத்தூள் சக்கரத்தில் நிறைய இருப்பதால், அங்கே பட்ட துணி பாடிப் பக்கமே வரக் கூடாது. அடுத்து, கையால் எதையும் தொடுவதற்கு முன், கூரையிலிருந்து கீழ் நோக்கித் தண்ணீரை நன்றாகப் பாய்ச்சி, தளர்ந்த மண் எல்லாம் தானாக வழிந்து போகும்படி விட வேண்டும். கழுவும் வேலையில் பாதி இதுவே. அவசரப்படுபவர்கள் விட்டுவிடுவதும் இதைத்தான்.

இரண்டு பக்கெட் வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பூ கலந்த தண்ணீர், மற்றொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பூவில் நனைத்து ஒரு பகுதியை மட்டும் கழுவி, உடனே வெறும் தண்ணீரில் அலசி, அதன் பிறகே மறுபடி ஷாம்பூவில் முக்க வேண்டும். வேலை முடிந்ததும் அந்த இரண்டாவது பக்கெட்டின் அடியைச் சாய்த்துப் பாருங்கள். அங்கே படிந்து கிடக்கும் மண் அத்தனையும் இத்தனை நாள் உங்கள் பானெட்டின் மேல் சுற்றிக்கொண்டிருந்தது. கூரை, கண்ணாடி, பானெட், கதவின் மேல்பாதி என்று மேலிருந்து கீழே வந்து, மண் அதிகம் அடிக்கும் கதவின் கீழ்ப்பகுதியையும் பின் பம்பரையும் கடைசிக்கு வையுங்கள். அழுத்தாமல், நேர்க்கோட்டில் கையை ஓட்டுங்கள். கையுறை தரையில் விழுந்துவிட்டால் அன்றைக்கு அதை எடுத்து வைத்துவிடுவதே நல்லது.

கார் ஷாம்பூவுக்குப் பதிலாகப் பாத்திரம் கழுவும் திரவத்தைப் போட்டால், அழுக்கோடு வண்டி மேலிருக்கும் வேக்ஸையும் (பாதுகாப்புக்காகப் பூசும் மெழுகு) அது எடுத்துவிடும். துணி துவைக்கும் தூள் காரத்தன்மை மிகுந்தது. சரியாகக் கரையாத தூள் கீறலும் போடும். மண்ணெண்ணெய், டீசல் தொட்டுத் துடைத்தால் மினுமினுப்பாக இருக்கும் என்ற பழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. அந்த மினுமினுப்பு எண்ணெய்ப் படலத்தால் வருவது. மாலைக்குள் ஊரிலுள்ள தூசியெல்லாம் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். கதவு, கண்ணாடி ஓரங்களிலுள்ள ரப்பர் பட்டைகளும் (பீடிங்) நாளடைவில் ஊறிக் கெடும்.

நம் ஊரில் பலரும் கவனிக்காத எதிரி தண்ணீர். போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்திருக்கும் பகுதிகளில், கழுவிய வண்டியை அப்படியே காய விட்டால் ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளை வட்டத்தை விட்டுச் செல்லும். குடிநீரில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. புறநகர்ப் போர்வெல்கள் பலவற்றில் அதைப் போல இரு மடங்குக்கும் மேல் வருகிறது. ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவு நீரைச் சேர்த்து வைத்து வண்டி கழுவுவது சிக்கனத்தில் நல்ல பழக்கம்தான். ஆனால் உப்பெல்லாம் செறிந்து நிற்பது அந்தத் தண்ணீரில்தான் என்பதால், அதை முதல் அலசலுக்கும் சக்கரத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி அலசலுக்கு மழைநீரோ, ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரோ கிடைத்தால் மிக நல்லது. காற்றின் ஈரம் குளிர்ந்து திரளும் நீர் என்பதால் ஏ.சி. தண்ணீரில் உப்பு அநேகமாக இருக்காது. சுத்தமான வாளியில் பிடித்து, மெல்லிய துணியால் வடிகட்டிக்கொண்டால் போதும். எந்தத் தண்ணீராக இருந்தாலும், அலசியவுடன் பெரிய மைக்ரோஃபைபர் டவலை விரித்து மெதுவாக ஒற்றி ஈரத்தை எடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே விழுந்த வெள்ளைக் கறைகளுக்கு, வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, குளிர்ந்த பெயின்ட்டின் மேல் ஓரிரு நிமிடம் ஈரத்துணியாகப் போட்டு எடுத்து, நிறையத் தண்ணீரால் அலசிப் பாருங்கள். அதற்கும் போகாத கறை பெயின்ட்டுக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். அது பாலிஷ் வேலை.

தண்ணீர்த் தட்டுப்பாட்டையும் மறந்துவிட முடியாது. 2024 மார்ச்சில் பெங்களூருவில் குடிநீரைக் கொண்டு வாகனம் கழுவுவதற்குத் தடை விதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். 2019 கோடையில் சென்னை பட்ட பாடும் நமக்கு நினைவிருக்கிறது. அத்தகைய காலத்தில், அலச வேண்டிய தேவையில்லாத ‘ரின்ஸ்லெஸ் வாஷ்’ திரவங்கள் உதவும். ஒரு வாளித் தண்ணீரில் அளவாகக் கலந்து, பத்துப் பன்னிரண்டு சிறு மைக்ரோஃபைபர் துணிகளை அதில் ஊறவைத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு புதுத் துணி என்று எடுத்து, துடைத்த துணியை மறுபடி வாளியில் போடாமல் ஒதுக்கிவிட வேண்டும். சேறு பூசிய வண்டிக்கு இது ஆகாது. தூசி படிந்த வண்டிக்கு நன்றாகவே ஆகும்.

தூசியைக் காத்திருக்க விடலாம் என்றேன். பறவை எச்சத்தை ஒரு நாள் கூட விடக் கூடாது. அதிலுள்ள யூரிக் அமிலமும், வெயிலில் இளகும் கிளியர் கோட்டும் சேர்ந்து, சித்திரை வெயிலில் சில மணி நேரத்திலேயே பெயின்ட்டில் தழும்பு விழச் செய்துவிடும். காய்ந்த எச்சத்தில் விதைத்துண்டும் மணலும் கலந்திருக்கும் என்பதால் சுரண்டவும் கூடாது. நனைத்த துணியை அதன் மேல் பத்து நிமிடம் போட்டு வைத்து, ஊறியதும் ஒரே தூக்காகத் தூக்கி எடுங்கள். மர நிழலில் நிறுத்துபவர்களின் வண்டியில் துளித் துளியாக விழும் பிசுபிசுப்பு பெரும்பாலும் இலைச்சாற்றை உறிஞ்சும் பூச்சிகள் வெளியேற்றுவது. விட்டுவைத்தால் அதன் மேல் கரும்பூஞ்சை படியும். வெதுவெதுப்பான ஷாம்பூத் தண்ணீரில் அது எளிதாகக் கரையும்.

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் எங்களிடம் ஒரே வகைப் பிரச்சினையுடன் பல வண்டிகள் வரும். பானெட்டில் இட்ட சந்தனமும் குங்குமமும் காய்ந்து இறுகிய பிறகு நகத்தாலோ சாவியாலோ சுரண்டி, அந்த இடத்தில் கீறல் விழுந்திருக்கும். பொட்டைக் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ இடுவது நல்லது. பானெட்டில்தான் இட வேண்டும் என்றால் மறுநாள் ஊறவைத்துக் கழுவிவிடுங்கள். வெள்ளை வண்டியில் ஏறிய மஞ்சள் கறையைக் கண்டு பதறி தின்னர் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. மஞ்சளின் நிறம் வெயில் பட்டால் தானாகவே மங்கிப்போகும். கழுவிவிட்டுச் சில நாள் வெயிலில் நிறுத்தினாலே போதும். தீபாவளிக்கு மறுநாள் காலையில் வண்டி மேலிருக்கும் பட்டாசு மருந்துத் தூளையும் சாம்பலையும் துணியால் தட்டாமல், தண்ணீர் விட்டே இறக்குங்கள். ஐப்பசித் தூறல் அதில் பட்டால் கறையாகப் பிடித்துக்கொள்ளும்.

பாதுகாப்புப் பூச்சுகளைப் பற்றி விளம்பரங்கள் சொல்வது அதிகம், செய்வது குறைவு. கையில் மெல்லிய பாலித்தீன் உறையை மாட்டிக்கொண்டு, கழுவிக் காய்ந்த பானெட்டை வருடிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரியும். அது தெரிந்தால், ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற ‘க்ளே பார்’ கொண்டு எடுத்த பிறகே எந்தப் பூச்சும் பிடிக்கும். பனை இலையிலிருந்து எடுக்கும் கார்னபா வேக்ஸ் நம் வெயிலுக்குச் சில வாரம் தாங்கும். செயற்கைப் பாதுகாப்புப் பூச்சான சீலன்ட் சில மாதம் தாங்கும். வீட்டில் செய்துகொள்பவர்களுக்கு சீலன்ட்டே எளிதும் போதுமானதும் என்பது என் கருத்து. செராமிக் கோட்டிங் நல்ல பொருள்தான், அழுக்கு எளிதில் ஒட்டாது, கழுவுவது சுலபமாகும். ஆனால் ‘9எச்’ என்று போட்டிருப்பது பென்சில் முனையால் சோதிக்கும் அளவுகோலின் எண்; கல் பட்டாலும் சாவி பட்டாலும் கீறாது என்பதற்கான உறுதி அல்ல. கல்லடியைத் தாங்க வேண்டுமானால் 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பி.பி.எஃப். (பெயின்ட் மேல் ஒட்டும் நிறமற்ற பாதுகாப்புப் படலம்) தான் வேண்டும், அது விலை அதிகம்.

பாலிஷ் வேலையில் ரப்பிங் காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசையைப் போடுவது கீறலை நிரப்புவதல்ல, கீறலின் ஆழம் வரை கிளியர் கோட்டைச் சீவி எடுப்பது. ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போய்விடும், அது திரும்ப வராது. ஆகவே சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் இலவசப் பாலிஷ் என்றால் வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள். எங்கே பாலிஷ் போட்டாலும், தொடங்குவதற்கு முன் பெயின்ட் தடிமன் மீட்டரை வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்காமல் மெஷினைத் தூக்குபவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கவர் போடுபவர்கள் கழுவிய, ஈரமில்லாத வண்டியின் மேல்தான் போட வேண்டும். தூசி மேல் போட்ட கவர், காற்றில் ஆடும்போதெல்லாம் தேய்க்கும். கடற்கரையை ஒட்டி, ஈ.சி.ஆரிலோ தூத்துக்குடியிலோ வசிப்பவர்கள் வாரந்தோறும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் சக்கர வளைவுகளுக்கும் நல்ல தண்ணீர் அடித்து, கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரஷர் வாஷர் வைத்திருந்தால் ஓரடித் தொலைவுக்குக் குறையாமல் பிடியுங்கள்.

பட்டறையில் புதிதாகப் பெயின்ட் அடித்த பகுதிக்குத் தனிக் கவனம் வேண்டும். தொழிற்சாலையில் ஏறத்தாழ 140 டிகிரி சூட்டில் சுட்டெடுத்த பெயின்ட் போன்றதல்ல அது; எங்கள் பெயின்ட் அடிக்கும் அறையில் (பூத்) 60 டிகிரி அளவில் காய்வது. முழுதாக இறுக ஒரு மாதம் வரை ஆகும். அதுவரை வேக்ஸ் வேண்டாம், கவர் வேண்டாம், ஸ்டிக்கர் வேண்டாம். தண்ணீரும் மென்மையான ஷாம்பூவும் போதும். பானெட்டின் முன்விளிம்பில் கல் தெறித்துத் தகரம் தெரியும் புள்ளிகள் இருந்தால், மழைக்காலம் தொடங்கும் முன், உங்கள் வண்டியின் பெயின்ட் எண்ணைச் சொல்லி ஒரு சிறு டச்-அப் குப்பி வாங்கி, பல்குத்தும் குச்சியின் முனையால் அந்தப் புள்ளிக்குள் மட்டும் ஒரு சொட்டு வைத்துவிடுங்கள். அந்த எண் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு உள்ளேயோ ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கும்.