மீன்கொத்தி அலகும் சுரங்கப்பாதை வெடிச்சத்தமும்

ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் சிச்சிலியைப் பார்த்துவிடலாம். நீல முதுகு, செம்மஞ்சள் வயிறு, உடம்புக்குப் பொருந்தாத நீள அலகு கொண்ட சின்ன மீன்கொத்தி. தலையை இரண்டு முறை மேலும் கீழும் ஆட்டும். அடுத்த நொடி தண்ணீருக்குள் இருக்கும். தண்ணீர் அவ்வளவாகத் தெறிக்காது.

இதே இனம் ஜப்பானிலும் உண்டு. அங்கே மேற்கு ஜப்பான் ரயில்வேயில் பொறியாளராக இருந்த ஈஜி நகாட்சுவுக்குப் பறவை பார்ப்பதில் தீராத ஆசை. 1990களில் அவர் குழுவிடம் இருந்த வேலை, ஒசாகாவிலிருந்து ஹகாட்டா போகும் புல்லட் ரயிலை மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் ஓட்டுவது. அந்தப் பாதையில் ஏறக்குறைய பாதி சுரங்கம். தலைவலி அங்கேதான்.

சைக்கிள் பம்பை வேகமாக அழுத்துவது போலத்தான் சுரங்கத்துக்குள் ரயில் பாய்வதும். முன்னால் இருக்கும் காற்று விலக இடமில்லாமல் நசுங்குகிறது. அந்த அழுத்த அலை ஒலியின் வேகத்தில் ரயிலை முந்திக்கொண்டு ஓடி, மறுமுனையில் 'டமார்' என்று வெளியேறும். ரயில் வருவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிடும். வேகம் இரட்டித்தால் இந்த அதிர்வு ஏறக்குறைய எட்டு மடங்காகும். பக்கத்தில் குடியிருப்பவர்கள் சும்மா இருப்பார்களா?

சுரங்கத்துக்குள் நுழையும்போது ரயிலே சுருங்குவது போலத் தோன்றுகிறது என்று குழுவில் இருந்த இளைஞர் ஒருவர் சொன்னாராம். காற்றின் எதிர்ப்பு சட்டென்று மாறுவதுதான் காரணம் என்று நகாட்சு யோசித்தார். அப்படியொரு திடீர் மாற்றத்தை தினமும் சமாளிக்கும் உயிர் எது? காற்றைவிட சுமார் 800 மடங்கு அடர்த்தியான தண்ணீருக்குள் பாயும் மீன்கொத்தி! அப்புறம் சோதனை. பல வடிவக் குண்டுகளைக் குழாய்க்குள் சுட்டு அழுத்தத்தை அளந்தார்கள். கடைசியில் தேறிய வடிவம், மீன்கொத்தி அலகை அச்சாக ஒத்திருந்தது. 1997-ல் ஓடத் தொடங்கிய 500 வரிசை ரயிலின் மூக்கு 15 மீட்டர் நீளம். கூரை மேல் மின்கம்பியைத் தொடும் கருவியின் இரைச்சலைக் குறைக்க, ஆந்தைச் சிறகின் ஓரத்தில் உள்ள பல்போன்ற அமைப்பு கைகொடுத்தது.

இயற்கையில் இருந்தாலே யோசனை வருமா? 2012-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், போன் இல்லாமல் நான்கு நாள் காட்டில் நடந்தவர்கள் படைப்பாற்றல் சோதனையில் பத்துக்குச் சராசரியாக 6.08 எடுத்தார்கள், கிளம்பும் முன்பே சோதனை எழுதியவர்கள் 4.14. உதவியது காடா, போன் இல்லாததா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. நகாட்சு விஷயம் வேறு. பறவையை அவர் வருஷக்கணக்காகப் பார்த்து வைத்திருந்தார். கேள்வி பிறகுதான் வந்தது. யோசனை வரும் என்று சுவரில் காட்டுப் படம் மாட்டும் அலுவலகங்களிடம் எனக்கு நம்பிக்கை குறைவு.

சரி, அந்த நீள மூக்குக்கு விலையும் இருந்தது. முதல் பெட்டியில் பாதிக்கு மேல் மூக்கே பிடித்துக்கொண்டதால் இருக்கைகள் குறைந்தன, முன்பக்கக் கதவுக்கும் இடமில்லை. பின்னாளில் வந்த என்700 வரிசை ரயிலுக்குக் கணினி கணக்குப் போட்டுத் தந்த மூக்கு 10.7 மீட்டர்தான்.