சிக்னல் ஃபுல்லா இருந்தும் நெட் ஏன் ஓடல? பல ஆன்டெனா வச்சு இரைச்சலை அடக்கற கதை

போன்ல சிக்னல் கம்பி அத்தனையும் நிக்குது, வீடியோ மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு. அந்த டவர்ல கூட்டம் அதிகமா இருக்கலாம், அதை விட்ருவோம். இன்னொரு காரணம் இன்டர்ஃபியரன்ஸ், அதாவது பக்கத்து டவர் அதே அலைவரிசையில வேற யாருக்கோ அனுப்பற சிக்னல் நம்ம போன் மேலயும் வந்து விழறது. இதுக்கு டவரோட பவரை ஏத்துனா போதும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அது சுத்தமா வேலைக்கு ஆகாது.

ஏன்னு கேட்டா, க்ளாட் ஷானன்னு ஒரு அமெரிக்க கணித மேதை 1948லயே கணக்கு போட்டு குடுத்துட்டார். சேனலோட, அதாவது டேட்டா போற அலைவரிசை துண்டோட அகலம் இவ்வளவுன்னு ஆனதுக்கு அப்புறம் வேகத்தை முடிவு பண்றது சிக்னலோட பலம் இல்ல, சிக்னலுக்கும் அதுமேல விழற இரைச்சலுக்கும் உள்ள விகிதம்தான். 20 மெகாஹெர்ட்ஸ் சேனல்ல ரெண்டும் சமமா இருந்தா அதிகபட்சம் நொடிக்கு 20 மெகாபிட், சிக்னல் 100 மடங்கு பெருசா இருந்தா கிட்டத்தட்ட 133 மெகாபிட். இப்ப எல்லா டவரும் பவரை ரெண்டு மடங்கா ஏத்துனா சிக்னலும் ரெண்டு மடங்கு, பக்கத்து டவரோட தொல்லையும் ரெண்டு மடங்கு, விகிதம் அங்கயேதான் நிக்கும், கரண்ட் பில்தான் ஏறும்.

பழைய செல்போன் நெட்வொர்க்ல இதுக்கு பண்ணது என்னன்னா, கையில இருக்கற அலைவரிசையை 7 பங்கா பிரிச்சு பக்கத்து பக்கத்து டவருக்கு வேற வேற பங்கு குடுத்தாங்க. தொல்லை குறைஞ்சுது, ஆனா ஒரு டவருக்கு கிடைச்சது ஏழுல ஒரு பங்குதான். கோடி கோடியா குடுத்து ஏலம் எடுக்கற ஸ்பெக்ட்ரத்தை அப்படி பிரிச்சு வைக்க இன்னைக்கு யாருக்கும் மனசு வராது. அதனால 4ஜி, 5ஜில பெரும்பாலும் எல்லா டவரும் ஒரே அலைவரிசையிலதான் ஓடுது, ரெண்டு டவருக்கு நடுவுல மாட்டிக்கிட்டவங்க பாடுதான் திண்டாட்டம்.

இங்கதான் பீம்ஃபார்மிங், அதாவது பல ஆன்டெனா வச்சு சிக்னலை வேண்டிய திசைக்கு திருப்பற வித்தை வருது. 5ஜி ஓடற 3.5 கிகாஹெர்ட்ஸ்ல ஒரு அலையோட நீளம் சுமார் 8.6 செ.மீ. அதுல பாதி, 4.3 செ.மீ. இடைவெளி விட்டு ரெண்டு ஆன்டெனா வச்சு ரெண்டுக்கும் ஒரே சிக்னலை குடுங்க. நேர் எதிர்ல நிக்கறவருக்கு ரெண்டு அலையும் ஒரே நேரத்துல வந்து சேரும், மேடு மேட்டோட சேர்ந்து பெருசாகும். ஆனா ஆன்டெனா ரெண்டையும் சேர்க்கற கோட்டு மேலயே பக்கவாட்டுல நிக்கறவருக்கு ஒரு அலை பாதி நீளம் பிந்தி வருது, ஒண்ணோட மேடும் இன்னொண்ணோட பள்ளமும் மோதி ரெண்டும் காணாம போயிடும். இப்ப ஒரு ஆன்டெனாவுக்கு போற சிக்னலை மட்டும் கால் அலை அளவுக்கு தள்ளி விட்டா பலமான திசை 30 டிகிரி திரும்பிடும், எந்த மோட்டாரும் வேணாம், கம்பி எதுவும் அசையாது. ஐடியா ஒண்ணும் புதுசு இல்ல, 1905லயே ஜெர்மன் இயற்பியலாளர் ஃபெர்டினாண்ட் ப்ரவுன் மூணு ஆன்டெனாவை முக்கோணமா நிறுத்தி இப்படி ரேடியோ அலையை ஒரு திசைக்கு திருப்பி காட்டியிருக்கார்.

ஆன்டெனா கூட கூட பலன் ஏறிக்கிட்டே போகும். 64 ஆன்டெனா இருந்தா மொத்த பவரை ஏத்தாமலே நமக்கு வேண்டிய திசையில 64 மடங்கு பலம், அதாவது 18 டெசிபல். விளம்பரத்துல எல்லாம் இதைத்தான் டார்ச் லைட் மாதிரி வரைஞ்சு காட்டறாங்க. என்னைக் கேட்டா அதைவிட பெரிய விஷயம் அந்த ரெண்டு அலையும் அடிச்சுக்கிட்டு காணாம போன இடம் இருக்கே, அதுதான். அதை நல் பாயிண்ட்னு சொல்வாங்க. அது தானா அமையற இடமா இருக்கணும்னு இல்ல, ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் எவ்வளவு பலம், எவ்வளவு தாமதம்னு கணக்கு போட்டு குடுத்தா நாம சொல்ற இடத்துல கொண்டு போய் வைக்கலாம். ஆன்டெனா எண்ணிக்கையில ஒண்ணு குறைச்சா எத்தனையோ அத்தனை நல் வைக்க முடியும். ஒருத்தருக்கு அனுப்பும்போது அதே டவர்ல இருக்கற மத்தவங்க மேல எல்லாம் நல்லை வச்சுட்டா, அதே அலைவரிசையில அதே நொடியில அவங்களுக்கும் தனித்தனியா டேட்டா அனுப்பலாம், ஒருத்தரோடது இன்னொருத்தர் மேல விழாது. சும்மா கிடைக்கறது இல்ல, ஒவ்வொரு நல்லுக்கும் கொஞ்சம் பலத்தை விட்டுக் குடுக்கணும், 64 ஆன்டெனா வச்சு ஒரு பத்து பேருக்கு அனுப்பும்போது அந்த நஷ்டம் பெருசா தெரியாது.

இந்த கணக்கு ரேடியோவுக்கு மட்டும் சொந்தம் இல்ல, கடலுக்கு அடியில சத்தம் எந்த திசையில இருந்து வருதுன்னு கண்டுபிடிக்கற சோனார்லயும் இதேதான். பொள்ளாச்சியில பொறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் இந்திய கடற்படையில அப்சோங்கற சோனாரை உருவாக்குனவர், அப்புறம் அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் போய் பல ஆன்டெனா வச்சு ஒரே அலைவரிசையில பல டேட்டா ஓட்டத்தை அனுப்பற மைமோ முறைக்கு அங்க பேராசிரியரா இருந்த தாமஸ் கைலாத்தோட சேர்ந்து 1994ல பேடண்ட் வாங்குனார், 2014ல மார்கோனி பரிசும் வந்துச்சு. இன்னைக்கு நம்ம வீட்டு வைஃபை, 4ஜி, 5ஜி எல்லாத்துலயும் மைமோ இருக்கு. நம்ம பசங்களுக்கு பாடத்துல சொல்ல வேண்டிய பேரு இது.

மைமோல அழகு என்னன்னா, கட்டடம், சுவரு, லாரின்னு பட்டு தெறிச்சு வர்ற அலைகளை அது தொந்தரவா பாக்கறதில்ல. ஊருக்குள்ள டவர்ல இருந்து போனுக்கு நேர் கோட்டுல சிக்னல் வர்றது குறைவு, பத்து வழியில பட்டு பட்டுதான் வரும். பக்கத்து பக்கத்துல நிக்கற ரெண்டு பேருக்கு கூட அந்த பத்து வழியும் ஒரே மாதிரி இருக்காது, அந்த வித்தியாசத்தை வச்சுதான் ரெண்டு பேரையும் பிரிக்க முடியுது. அதனால பீம்னா ஒரே கோடா போறதுன்னு நினைச்சுக்காதீங்க, பல வழியா போயி உங்க போன் இருக்கற அந்த சின்ன இடத்துல மட்டும் ஒண்ணு சேர்ற மாதிரி கணக்கு போடறாங்க.

இதுக்கெல்லாம் அந்த வழிகள் எப்படி இருக்குன்னு டவருக்கு தெரியணுமே? போன்தான் சொல்லுது. அப்பப்ப டவருக்கு முன்கூட்டியே தெரிஞ்ச ஒரு சின்ன பைலட் சிக்னலை அனுப்பும், அது 64 ஆன்டெனாலயும் எப்படி எப்படி வந்து விழுதுன்னு பாத்து டவர் கணக்கு போட்டுக்கும். 3.5 கிகாஹெர்ட்ஸ்ல போறதும் வர்றதும் ஒரே அலைவரிசை, நேரத்தை மாத்தி மாத்தி பயன்படுத்தறாங்க, அதனால வந்த வழி எப்படியோ போற வழியும் அப்படியே.

சிக்கல் எங்கன்னா இந்த கணக்கு சீக்கிரமே பழசாயிடும். 60 கி.மீ. வேகத்துல போற பஸ்ல இருக்கற போன் அரை அலை தூரத்தை 2.6 மில்லி செகண்ட்ல தாண்டிடும், அதுக்குள்ள பழைய கணக்குப்படி வச்ச நல்லை விட்டு போன் வெளிய போயிருக்கும். பலமான பீம் கொஞ்சம் தப்புனா கூட ஏதோ ஓடும், நல் அப்படி இல்ல, துளி பிசகுனாலும் பலன் வேகமா குறைஞ்சிடும். இன்னொண்ணு, பைலட் சிக்னல்ல வேற வேற வகை கொஞ்சம்தான் இருக்கு, அதனால பக்கத்து செல்லுலயும், அதாவது பக்கத்து டவரோட எல்லையிலயும் அதையேதான் திரும்ப குடுக்கணும். அப்ப டவர் ரெண்டு போனையும் ஒண்ணா குழப்பிக்கிட்டு பக்கத்து செல் ஆளுக்கும் பீம் அடிக்கும். 2010ல பெல் லேப்ஸ்ங்கற அமெரிக்க ஆய்வுக்கூடத்துல இருந்த தாமஸ் மார்செட்டா, ஆன்டெனாவை கூட்ட கூட்ட மத்த இரைச்சல் எல்லாம் அடங்கிடும், இந்த பைலட் குழப்பம் மட்டும் மிஞ்சும்னு காட்டுனார். அதுக்கப்புறம் இதை சமாளிக்கவும் சில வழி கண்டுபிடிச்சிருக்காங்க, ஆனா அதுக்கு கணக்கு பளு ரொம்ப அதிகம்.

இதனாலதான் மொட்டை மாடியில பெட்டி மாட்டி குடுக்கற வயர்லெஸ் பிராட்பேண்டுக்கு பீம்ஃபார்மிங் ரொம்ப பொருந்துது. பெட்டி நகராது, அதுக்கும் டவருக்கும் நடுவுல இருக்கற வழி பஸ்ல போற போன் மாதிரி நொடிக்கு நொடி மாறாது, ஒரு தடவை எடுத்த கணக்கு ரொம்ப நேரம் தாங்கும், பக்கத்து வீட்டு பெட்டி மேல வச்ச நல்லும் வச்ச இடத்துலயே நிக்கும்.