உத்தரவாதம் கையில் இருந்தும் உதவி வராதது ஏன்? லொகார்னோ, மியூனிக் விதிகள்: எளிய விளக்கம்

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே ஜெர்மனியைத் தடுக்க விதி எதுவும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். விதிகள் தேவைக்கு மேலேயே இருந்தன. அவற்றை நம்பிய நாடுகள் உதவி கேட்டபோது என்ன ஆனது என்பதே இங்கே சொல்ல வேண்டியது. மனு எழுதிக் கொடுக்கும் வேலையில், உரிமை இருந்தும் ஏதோ ஓர் உட்பிரிவைக் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த உடன்படிக்கைகளையும் அதே கண்ணோடுதான் படிக்கிறேன். செக்கோஸ்லோவாக்கியாவுக்கு நடந்ததைப் படிக்கும்போது இன்றும் வயிறு எரிகிறது.

பின்னணி இவ்வளவுதான். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி கையெழுத்திட்ட 1919 வெர்செய்ல்ஸ் உடன்படிக்கைப்படி ஜெர்மன் ராணுவத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடாது. டாங்கி, போர் விமானம், நீர்மூழ்கி எதுவும் கூடாது. ரைன் நதியின் மேற்குக் கரையிலும், கிழக்கே 50 கிலோமீட்டர் வரையிலும் படை நிறுத்தக் கூடாது. 1925-இல் சுவிட்சர்லாந்தின் லொகார்னோவில் செய்த உடன்படிக்கையில் ஜெர்மனி இந்தக் கடைசி விதியைத் தானே முன்வந்து ஏற்றது. மீறினால் உதவிக்கு வர வேண்டிய பிணையாளர்கள் பிரிட்டனும் இத்தாலியும்.

ஆயுதங்களைக் கண்காணித்த நேச நாட்டு ஆணையம் 1927 ஜனவரியில் ஜெர்மனியை விட்டு வெளியேறியது. அதன் பிறகும் வெர்செய்ல்ஸின் 213-வது பிரிவு உயிரோடு இருந்தது. ஐ.நா.வுக்கு முன்பிருந்த பன்னாட்டுச் சங்கத்தின் கவுன்சில் பெரும்பான்மை வாக்கில் முடிவெடுத்தால் போதும், ஜெர்மனிக்குள் சென்று சோதனை செய்யலாம். அந்தச் சங்கத்தில் முக்கியமான முடிவுகளுக்கெல்லாம் பொதுவாக எல்லோரும் ஒருமனதாகத் தலையசைக்க வேண்டும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் ஜெர்மனி மீது அந்தப் பிரிவை ஒரு முறைகூடப் பயன்படுத்தவில்லை. 1935 மார்ச்சில் ஹிட்லர் கட்டாய ராணுவ சேவையை வெளிப்படையாக அறிவித்தார். கவுன்சில் ஒரு கண்டனத் தீர்மானம் போட்டது, இனி யாராவது மீறினால் என்ன செய்யலாம் என்று யோசிக்க ஒரு குழுவும் போட்டது. ஜூன் மாதம் பிரிட்டன், பிரான்ஸைக் கலந்துகொள்ளாமலேயே, தன் கடற்படையில் 35 சதவீதம் அளவுக்கு ஜெர்மனி கப்பல் கட்டிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் செய்தது. விதியைக் காக்க வேண்டியவரே விதிக்கு விலக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அடுத்தது ரைன்லாந்து, அதாவது படை நிறுத்தக் கூடாது என்று சொல்லப்பட்ட அந்த ரைன் நதிப் பகுதி. 1936 மார்ச் 7, சனிக்கிழமை ஜெர்மன் படை அங்கே நுழைந்தது. ரைனைக் கடந்து மேற்கே ஆகென், டிரியர், சார்புரூக்கன் வரை போனவை மூன்று பட்டாலியன்கள் மட்டுமே. பிரான்ஸ் எதிர்த்து வந்திருந்தால் பின்வாங்கியிருக்க வேண்டியதுதான் என்று ஹிட்லர் பிற்பாடு கூறியதாக அவருடைய மொழிபெயர்ப்பாளர் பால் ஷ்மிட் எழுதியிருக்கிறார்.

லொகார்னோவின் 4-வது பிரிவை இங்கே நிதானமாகப் படிக்க வேண்டும். சாதாரண மீறல் என்றால் புகார் கவுன்சிலுக்குப் போக வேண்டும். அப்பட்டமான மீறல் என்றால் பிணையாளர் உடனே உதவிக்கு வர வேண்டும். ஆனால், இது தூண்டுதலற்ற ஆக்கிரமிப்புதான், உடனடி நடவடிக்கை தேவைதான் என்று அந்தப் பிணையாளருக்கே திருப்தி ஏற்பட வேண்டும். ஜாமீன் கையெழுத்துப் போட்டவரிடமே போய், பணம் கட்ட வேண்டிய நிலை வந்துவிட்டதா என்று கேட்பது போன்றது இது. தடை செய்யப்பட்ட பகுதியில் படை திரட்டுவதும் உடனடி நடவடிக்கைக்குக் காரணம் என்று அதே பிரிவில் தெளிவாக எழுதியிருக்கிறது. இருந்தும் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஈடன் மார்ச் 9 அன்று நாடாளுமன்றத்தில், இதனால் போர் மூளும் அபாயம் இருப்பதாகக் கருதக் காரணமில்லை என்றார். கோப்பு கவுன்சிலுக்குப் போனது. மீறல் நடந்தது உண்மைதான் என்று கவுன்சில் சொன்னது மார்ச் 19 அன்று. பன்னிரண்டு நாள் கழித்து, எல்லோரும் கண்ணால் பார்த்த ஒன்றுக்குச் சான்றிதழ்! அதற்குப் பின் எந்த நடவடிக்கையும் இல்லை. இன்னொரு பிணையாளரான இத்தாலி, எத்தியோப்பியா மீது படையெடுத்ததற்காகத் தானே சங்கத்தின் பொருளாதாரத் தடைக்குள் இருந்தது.

பிரான்ஸையும் விட்டுவிட முடியாது. யாருக்கும் காத்திராமல் செயல்பட அதற்கு உரிமை இருந்தது. பிரெஞ்சுத் தளபதி கமலின், பொது அணிதிரட்டல் இல்லாமல் பெரிதாக எதுவும் செய்ய முடியாது என்றார். தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தன, அமைச்சரவை தயங்கியது. எந்த உத்தரவாதத்தைப் படித்தாலும், முடிவெடுப்பது யார் என்ற வரியை முதலில் தேடுங்கள். அது உங்கள் கையில் இருந்தால், செயல்படுத்த ஆள் தயாராக இருக்கிறதா என்று பாருங்கள்.

செக்கோஸ்லோவாக்கியாவிடம் இரண்டு பத்திரங்கள் இருந்தன. ஒன்று பிரான்ஸுடன், 1925-இல் செய்தது. மற்றது சோவியத் ஒன்றியத்துடன், 1935-இல் செய்தது. இரண்டாவதில் ஒரு நிபந்தனை: பிரான்ஸ் உதவிக்கு வந்தால்தான் சோவியத் உதவி. ஒன்று அறுந்தால் இரண்டும் அறுந்துவிடும். இரண்டு உத்தரவாதம் இருக்கிறது என்று எண்ணி ஏமாற வேண்டாம், ஒன்று மற்றதைச் சார்ந்திருந்தால் அது ஒன்றுதான்.

1938 செப்டம்பரில் மியூனிக்கில் ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், பிரான்ஸ் தலைவர்கள் செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதியை (சுடெட்டன்லாந்து) ஜெர்மனிக்குக் கொடுப்பது பற்றிப் பேசியபோது, யாருடைய நிலம் பிரிக்கப்பட்டதோ அந்த நாட்டின் பிரதிநிதிகளுக்கு அறையில் இடமில்லை. மாஸ்ட்னியும் மசாரிக்கும் ஹோட்டலில் காத்திருந்தார்கள். நள்ளிரவு தாண்டி அழைத்து, வரைபடத்தோடு முடிவைக் கையில் கொடுத்தார்கள். தங்கள் அரசின் பதில் வேண்டுமா என்று மசாரிக் கேட்டார். தேவையில்லை என்று பிரெஞ்சு அதிகாரி சொன்னார். பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தார் என்று மசாரிக் தன் அறிக்கையில் பதிவு செய்திருக்கிறார்.

எஞ்சிய நாட்டுக்குப் புதிய உத்தரவாதம் தருவதாகச் சொன்னார்கள். அது நடைமுறையில் இருப்பதாகவே கருதுவது தங்கள் தார்மீகக் கடமை என்று அக்டோபர் 4 அன்று பிரிட்டிஷ் அமைச்சர் இன்ஸ்கிப் நாடாளுமன்றத்தில் கூறினார். 1939 மார்ச் 14 அன்று, பெர்லினின் நெருக்குதலில், ஸ்லோவாக்கியா சுதந்திரம் அறிவித்தது. மறுநாள் ஜெர்மன் படை பிராகாவுக்குள் வந்தது. நாங்கள் உத்தரவாதம் தருவதாகச் சொன்ன நாடு உள்நாட்டுப் பிளவால் முடிந்துவிட்டது, எனவே அந்த உத்தரவாதம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று சேம்பர்லின் அன்றே அறிவித்தார். விண்ணப்பதாரர் இறந்துவிட்டார், கோப்பு மூடப்பட்டது.

அதே மாதம் 31-ஆம் தேதி பிரிட்டன் போலந்துக்குக் கொடுத்த உறுதிமொழியில், முடிவெடுப்பது யார் என்ற வரியை மாற்றினார்கள். எதிர்த்துப் போரிட வேண்டிய நிலைமையா என்பதைப் போலந்து அரசே தீர்மானிக்கலாம். உதவி எத்தனை நாளில் வரும், எவ்வளவு வரும் என்பது அதில் இல்லை. செப்டம்பர் 1 அன்று ஜெர்மனி செக் தொழிற்சாலைகளில் செய்த டாங்கிகளையும் சேர்த்துக்கொண்டு போலந்துக்குள் நுழைந்தது. அந்த மாத இறுதியில் வார்சா வீழ்ந்த வரை, மேற்கு எல்லையில் பெரிய தாக்குதல் எதையும் பிரிட்டனும் பிரான்ஸும் தொடங்கவில்லை.