வீட்டில் படம் பார்க்க எவ்வளவு கணினி போதும்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த ஊர்களில் வீட்டுக்கு வீடு ஒரு படச் சேமிப்பு இருக்கிறது. அலமாரியின் மேல்தட்டில் விஎச்எஸ் கேசட்டுகள், அதற்குக் கீழே பிளாஸ்டிக் உறையில் விசிடி, டிவிடி, மேசை டிராயரில் நாலைந்து பென்டிரைவ், அப்புறம் ஒரு ஹார்ட் டிஸ்க். லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு)க் குடி வந்தபோதுகூட இவற்றைத் தூக்கிப்போட யாருக்கும் மனம் வரவில்லை. இன்றைக்குச் சுவரில் 55 அங்குல டிவி தொங்குகிறது. இருக்கிற படங்களை அதில் ஒழுங்காகப் பார்க்க வழிதான் இல்லை.

பென்டிரைவை டிவியிலேயே செருகலாம்தான். ஆனால் பல டிவிகள் டிடிஎஸ் என்ற வகை ஒலியை ஏற்பதில்லை. படம் ஓடும், சத்தம் வராது. தமிழ் சப்டைட்டில் சில டிவிகளில் வெறும் கட்டங்களாகத் தெரியும். அதனால் டிவிக்குப் பக்கத்தில் படத்துக்கென்றே ஒரு கணினி வைப்பது நல்ல யோசனை. பக்கத்து வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற கிராணி (எழுத்தர்) ஒருவர் இதற்காக டவுனில் விசாரித்துவிட்டு வந்தார்.

“தம்பி, கேம் விளையாடுற கம்ப்யூட்டர்தான் வேணுமாம். நாலாயிரம் வெள்ளி சொல்றாங்க.”

“வேணாம் அங்கிள். உள்ளங்கை அளவு பெட்டி ஒன்னு போதும்.”

ஏன் போதும் என்பதற்கான பதில், ஒரு படம் கோப்புக்குள் எப்படி அடைக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழு எச்டி படத்தின் ஒரு ஃபிரேமில், அதாவது அசையாத ஒற்றைப் படத்தில், 1920 பெருக்கல் 1080, ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். ஆக ஒரு ஃபிரேமுக்கு 6.2 எம்பி. சினிமா ஒரு நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. நொடிக்கு 149 எம்பி ஆயிற்று. இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்தை அப்படியே எழுதி வைத்தால் 1.3 டிபிக்கு மேல் போகும். ஒரு டிஸ்க் முழுக்க ஒரே படம்! ஆனால் நம்மிடம் இருக்கும் கோப்பு 9 ஜிபிதான். கிட்டத்தட்ட 150 பங்கில் ஒரு பங்கு. மீதியெல்லாம் எங்கே போனது?

முதலில் நிறத்தில் கை வைக்கிறார்கள். நம் கண் வெளிச்ச வித்தியாசத்தை நுணுக்கமாகப் பிடிக்கும், நிற வித்தியாசத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பிடிக்காது. அதனால் வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாகப் பதிந்துவிட்டு, நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒன்று என்று பதிகிறார்கள். இதிலேயே பாதி எடை குறைந்துவிடும். அடுத்து, ஒரு ஃபிரேமைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, அதில் கண்ணுக்கு எளிதில் எட்டாத நுண்ணிய மாற்றங்களைக் கழிக்கிறார்கள். கிட்டத்தட்ட ஜேபெக் புகைப்படத்தில் நடப்பதும் இதுதான்.

பெரிய லாபம் மூன்றாவதில் இருக்கிறது. கேமரா அசையாமல் நிற்கிறது, பால்மரங்களுக்கு (ரப்பர் மரங்களுக்கு) நடுவே ஒருவர் நடந்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் மரங்களில் மாற்றமே இல்லை. பின் எதற்கு நொடிக்கு 24 தடவை அதே மரத்தை எழுத வேண்டும்? கோப்பில் ஒரு முழு ஃபிரேம் வரும். அதற்குப் பின் வருபவற்றில் பெரும்பாலும் குறிப்புகள்தான் இருக்கும்: ‘இந்தக் கட்டம் அப்படியே இருக்கட்டும், அந்தக் கட்டத்தை வலப்பக்கம் மூன்று புள்ளி நகர்த்து, இந்த இடத்தில் மட்டும் இவ்வளவு திருத்து.’ முன்னால் போன ஃபிரேமை மட்டும் பார்த்து எழுதிய குறிப்புகளும் உண்டு. முன்னும் பின்னும் பார்த்து எழுதியவையும் உண்டு. ரிமோட்டில் படத்தை ஓட்டித் தள்ளும்போது, நாம் நினைத்த இடத்தில் நிற்காமல் சில நொடி தள்ளிப் போய் நிற்கிறதே, இதனால்தான். முழு ஃபிரேம் எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் பிளேயரால் தொடங்க முடியும். கோப்பில் ஓரிடம் கெட்டுப்போனால் பச்சையாக ஒரு கறை பரவி, சிறிது நேரம் கழித்துத் தானாகச் சரியாவதும் அதே காரணத்தால்தான்.

விசிடி காலத்தில் மழைப்பாட்டு வந்தாலே திரை கட்டம் கட்டமாக உடைந்தது நினைவிருக்கிறதா? விசிடியில் படத்துக்கு நொடிக்கு 1.15 மெகாபிட் என்று நிரந்தர அளவு. இருவர் உட்கார்ந்து பேசும் காட்சிக்கு அது தாங்கும். மழையில் ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு திசையில் போகிறது; ‘இந்தக் கட்டத்தை இப்படி நகர்த்து’ என்று சொல்வதற்கு எதுவும் நிலையாக இல்லை. எழுத வேண்டியது கூடுகிறது, இடமோ கூடவில்லை. வட்டு தேய்ந்துவிட்டது என்று துணியால் துடைத்துத் துடைத்துப் போட்டோம். வட்டின் மேல் குற்றமே இல்லை. பின்னால் வந்த டிவிடியில், கடினமான காட்சிக்கு அதிகமாகவும் எளிய காட்சிக்குக் குறைவாகவும் இடம் ஒதுக்க முடிந்தது. 2003-இல் வந்த எச்.264, 2013-இல் வந்த எச்.265, 2018-இல் வந்த ஏவி1 ஆகிய சுருக்கும் முறைகள் எல்லாம் இதே வித்தையை மேலும் மேலும் கூர்மையாக்கியவைதான்.

இப்படிச் சுருக்கியதை விரிப்பது யார்? இங்கேதான் நாலாயிரம் வெள்ளி விஷயம் தெளிவாகும். கணினியின் சிபியு, அதாவது மையச் செயலி, எந்த வேலையும் செய்யும். அதனாலேயே எந்த ஒரு வேலையிலும் அதற்குத் தனிச் சிக்கனம் இல்லை. படத்தை விரிப்பதற்கென்றே சில்லுக்குள் ஒரு சிறு மின்சுற்று தனியாக இருக்கிறது. முறுக்கு அச்சு முறுக்கு மட்டும்தான் பிழியும், ஆனால் கையால் சுற்றுகிறவர் அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. இந்த மின்சுற்றும் அந்த ரகம். இன்டெல் 2011 முதல் தன் சில்லுகளில் இதை வைத்து வருகிறது. ஆனால் அச்சில் எந்தத் தட்டு இருக்கிறதோ அந்த வடிவம்தானே வரும்? இன்டெலின் நான்காம் தலைமுறை சில்லு எச்.264-ஐ எளிதாக விரிக்கும், எச்.265 வந்தால் வேலை சிபியு தலையில் விழும். காற்றாடி இரையும், படம் திக்கும். நிறத்தை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 10 பிட் எச்.265 வேண்டுமென்றால் ஏழாம் தலைமுறை, ஏவி1 வேண்டுமென்றால் பதினொன்றாம் தலைமுறை. 2023-இல் வந்த என்100 என்ற சிறு சில்லு இவை மூன்றையும் விரிக்கும். அதன் மின்தேவை 6 வாட் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டது.

எனவே கடையில் ‘எத்தனை கோர், எத்தனை கிகாஹெர்ட்ஸ்’ என்று கேட்பதை விட ‘எந்தத் தலைமுறை’ என்று கேளுங்கள். என்100 சின்னப் பெட்டி வாங்கலாம். அலுவலகங்கள் கழித்துவிட்ட எட்டாம் தலைமுறை சிறு கணினிகள் சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கின்றன. ஏவி1 கோப்புகள் உங்களிடம் இல்லையென்றால் அதுவே தாராளம். வாங்கிய பின் ஒரு படத்தை ஓடவிட்டு, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு (வரைகலைச் செயலி) பக்கத்தைத் திறந்து பாருங்கள். ‘வீடியோ டீகோட்’ என்ற வரைபடம் எழுந்து நின்று, சிபியு சும்மா கிடந்தால் எல்லாம் சரி.

படத்தைப் போட்டதும் இன்னொன்று கண்ணில் படும். கேமரா மெதுவாக ஒரு பக்கம் திரும்பும் காட்சியில் லேசாகத் தட்டித் தட்டிப் போவது போல இருக்கும். கணினி நொடிக்கு 60 தடவை டிவிக்குப் படம் அனுப்புகிறது, சினிமாவோ 24. அறுபதை இருபத்துநான்கால் வகுத்தால் இரண்டரை. அரை ஃபிரேம் காட்ட முடியாதே! அதனால் ஒரு ஃபிரேமை இரண்டு தடவை, அடுத்ததை மூன்று தடவை என்று மாற்றி மாற்றிக் காட்டுகிறது. அந்தச் சமனின்மைதான் தட்டல். அந்தக் காலத்தில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி 16 மில்லிமீட்டர் படம் ஓட்டியபோது இந்தத் தொல்லை கிடையாது, ஒவ்வொரு ஃபிரேமும் திரையில் சம நேரம் நின்றது. அந்தச் சமனை நாமும் கொண்டுவரலாம். கோடி (Kodi) என்ற இலவச மென்பொருளில், படத்துக்கு ஏற்ப டிவியின் ஹெர்ட்ஸை (நொடிக்கு எத்தனை தடவை படம் காட்டுகிறது என்ற கணக்கை) மாற்றும் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் படம் தொடங்கும்போது டிவி 24-க்கு மாறும், முடிந்ததும் பழையபடி ஆகும். இத்தனை பெரிய வித்தியாசத்தைக் காசில்லாமல் தரும் வேறு அமைப்பு எனக்குத் தெரியாது.

ஒலிக்கு வருவோம். ‘பேச்சு கேட்கவில்லை, சண்டை வந்தால் வீடே அதிர்கிறது’ என்பது பொதுவான புகார். ஆறு தடங்கள் உள்ள 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று பதிவாகியிருக்கும். டிவியில் இருப்பது இரண்டே ஸ்பீக்கர். அந்த ஆறு தடத்தை இரண்டாகக் கலக்கும்போது வசனம் அமுங்கிவிடுகிறது. இரண்டு ஸ்பீக்கர்தான் இருக்கிறது என்று மென்பொருளிடம் சொல்லிவிட்டு, நடுத்தடத்தின் அளவைச் சற்றுக் கூட்டுங்கள். தாமான் வரிசை வீட்டில் அடுத்த வீட்டுக்கும் நமக்கும் இடையில் ஒரே சுவர், இரவில் இது அவர்களுக்கும் நல்லது.

கோப்புகளைச் சேர்க்கும்போது பெயரோடு ஆண்டையும் எழுதுங்கள். கோடி, ஜெல்லிஃபின் போன்ற மென்பொருள்கள் அதைப் பார்த்துத்தான் போஸ்டரும் நடிகர் பட்டியலும் கொண்டுவரும். தமிழில் ஒரே பெயரில் இரண்டு படம் வருவது சகஜம். ‘பில்லா’ என்று மட்டும் எழுதினால், 1980 படமா, நம் நாட்டில் படமாக்கிய 2007 படமா என்று அதற்கு எப்படித் தெரியும்? ‘பில்லா (2007)’ என்று ஒரு ஃபோல்டர் போட்டால் குழப்பமில்லை. சேமிக்க சாதாரண ஹார்ட் டிஸ்க் போதும். 9 ஜிபி படம் நொடிக்கு 1 எம்பிதான் கேட்கிறது, டிஸ்க் நொடிக்கு 100 எம்பிக்கு மேல் தரும். வேகமான சேமிப்பான எஸ்எஸ்டி விண்டோஸுக்கு மட்டும் இருக்கட்டும். பெரிய கோப்பைப் பென்டிரைவில் ஏற்ற முடியாமல் ‘கோப்பு மிகப் பெரியது’ என்று வந்தால், பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறது என்று பொருள். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு நிற்காது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் ஏறிவிடும்.

இனி கேசட்டுகள். இந்த முழு ஏற்பாட்டிலும் நான் முதலிடம் தருவது இவற்றுக்குத்தான். வெளிவந்த சினிமா இன்னொரு இடத்தில் எப்படியும் கிடைக்கும். தோட்டத்துக் கோயில் திருவிழா, லயத்து வாசலில் பந்தல் போட்டு நடந்த கல்யாணம், இன்று செம்பனை நிற்கும் இடத்தில் முன்பு இருந்த தமிழ்ப்பள்ளியின் விளையாட்டுப் போட்டி, இவை உலகில் அந்த ஒரு கேசட்டில் மட்டுமே இருக்கின்றன. நம் ஊர்ப் புழுக்கத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். கேசட்டின் சன்னல் வழியே பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அதைப் பிளேயரில் போடாதீர்கள். அது பிளேயரின் தலையில் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பிளேயர்களும் அருகிவிட்டன. கடைசிவரை விஎச்எஸ் பிளேயர் செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

ஓடும் பிளேயர் ஒன்று கிடைத்தால், மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிகளை ஒரு யுஎஸ்பி கேப்சர் கருவி வழியாகக் கணினியில் இணைக்கலாம். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும், குறுக்கு வழி இல்லை. மலேசியாவில் இருந்தது பால் (PAL) என்ற டிவி முறை. அதில் 576 வரிகள் படத்துக்கு. ஆனால் ஒரே நேரத்தில் அத்தனையும் வராது. நொடியின் ஐம்பதில் ஒரு பங்கில் ஒற்றைப்படை வரிகள், அடுத்த ஐம்பதில் ஒரு பங்கில் இரட்டைப்படை வரிகள். பழைய குழாய் டிவி அப்படியே வரைந்தது. இன்றைய டிவி எல்லா வரியையும் ஒன்றாகக் காட்டுவதால், நாதஸ்வரக்காரர் தலையைத் திருப்பினால் முகத்தின் ஓரம் சீப்புப் பல் போலப் பிரியும். மாற்றும்போது ‘டீஇன்டர்லேஸ்’ செய்து (பாதி வரிகளாக வருவதை முழுப் படமாக்கி), நொடிக்கு 50 ஃபிரேமாக எழுதச் சொல்லுங்கள். 25 ஆக்கினால் பாதி அசைவை இழப்பீர்கள். 4கே ஆக்கித் தருகிறோம் என்று யாராவது கூடுதல் பணம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விஎச்எஸ் நாடாவில் பதிவான கிடைமட்டத் தெளிவே ஏறத்தாழ 240 கோடுகள்தான். 720 பெருக்கல் 576, எச்.264, இதுவே அதற்கு உரிய வீடு. விசிடியில் இருக்கும் டேட் (.dat) கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் விஎல்சி என்ற மென்பொருள் ஓட்டும். கடையில் வாங்கிய டிவிடி, புளூ-ரேயின் பூட்டை உடைப்பது வேறு விஷயம், அது 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் வரும்.

பேராக்கில் மாலை இடிக்குப் பழகியவர்களுக்குக்கூட ஒன்றைச் சொல்ல வேண்டும். சர்ஜ் தடுப்பான் வரும் மிகை மின்சாரத்தைப் பூமிக்குத் திருப்பிவிடுகிறது. வீட்டு வயரிங்கில் எர்த் சரியாக இல்லையென்றால் திருப்பிவிட இடமில்லை. இணைய கேபிள் வழியாகவும் மின்னல் நுழையும். இடி தொடங்கினால் கணினியை முறையாக நிறுத்தி, மின் பிளக், இணைய கேபிள் இரண்டையும் கழற்றிவிடுவதே மேல். அப்புறம் இரண்டாவது நகல்: இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, தீபாவளிக்கு வரும் மகனிடமோ மகளிடமோ கொடுத்துக் கிள்ளானிலோ ஈப்போவிலோ வைக்கச் சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன் அந்த நகலிலிருந்து ஒவ்வொரு கோப்பின் கடைசி ஐந்து நிமிடத்தையும் ஓட்டிப் பாருங்கள். நகலெடுக்கும்போது பாதியில் அறுந்த கோப்பு தொடக்கத்தில் ஒழுங்காகத்தான் ஓடும், முடிவில்தான் காட்டிக்கொடுக்கும்.